ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா மென்பொருள் மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா, அதாவது ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் பல அலைநீளங்களாகப் பிரித்துப் பதியும் கேமரா, மக்கர் செய்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது அதைத்தான். அதனால் தீர்வது கொஞ்சம், கெடுவது அதிகம். அலைநீள அட்டவணை, கெட்ட பிக்சல்களின் பட்டியல், டிரைவர் அமைப்புகள் என்று யாரோ ஒருவர் எப்போதோ சரியாகப் போட்டுவைத்ததெல்லாம் அதோடு போய்விடும். அப்புறம் இருப்பது பழைய பிரச்சினையா, புதிதாகச் சேர்ந்ததா என்றே தெரியாது.

இங்கே சொல்வதெல்லாம் புஷ்புரூம் வகைக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டும் பார்க்கும் கேமராக்களுக்கு. ஸ்லிட் என்னும் மெல்லிய பிளவு வழியாக உள்ளே வரும் அந்த ஒரு கோட்டு வெளிச்சத்தை கிரேட்டிங் அலைநீளவாரியாகப் பிரித்து சென்சார் மேல் விரிக்கிறது. ஆகவே கேமரா அனுப்பும் ஒவ்வொரு ஃப்ரேமும் வழக்கமான படம் அல்ல. அதன் ஒரு அச்சு இடம், மற்ற அச்சு அலைநீளம். பொருளோ கேமராவோ நகர நகர இந்த ஃப்ரேம்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கித்தான் கியூப் என்னும் முழுத் தரவு உருவாகிறது.

படம் பிடிக்கும் மென்பொருளில் பொதுவாக இரண்டு காட்சிகள் இருக்கும்: நேரடி ஃப்ரேம் ஒன்று, வந்த கோடுகளை அடுக்கிக்காட்டியபடி மேலிருந்து கீழே ஓடும் வாட்டர்ஃபால் ஒன்று. வாட்டர்ஃபால்தான் பார்க்கப் படம் மாதிரி இருக்கும் என்பதால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோளாறு தேடும்போது ஃப்ரேம் காட்சிக்கு வாருங்கள். ஃப்ரேம் சரியாக இருந்து வாட்டர்ஃபால் மட்டும் கெட்டிருந்தால் சிக்கல் நகர்விலோ, விளக்கிலோ, தரவு வரும் வழியிலோ இருக்கிறது. ஃப்ரேமே கெட்டிருந்தால் லென்ஸ் முதல் சென்சார் அமைப்புகள் வரை பார்க்க வேண்டும். இந்த ஒரு பிரிப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கேமரா பட்டியலிலேயே வரவில்லை

கிகாபிட் ஈதர்நெட் கேமரா என்றால், பத்தில் எட்டு முறை ஐபி முகவரிதான். கேமரா 192.168.5.10 என்றும் நெட்வொர்க் கார்டு 192.168.1.20 என்றும் இருந்து, மாஸ்க் 255.255.255.0 என்றால், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. கேமராவுக்கு நிலையான முகவரி கொடுக்காமல் விட்டிருந்தால் அது 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். கார்டும் அதே வகையில் இருந்தால் வேலை செய்யும், இல்லையென்றால் செய்யாது. நிலையான முகவரி கொடுத்துவிடுவது நல்லது. இன்னொன்று, கணினியில் இருக்கும் இரண்டு கார்டுகள் ஒரே சப்நெட்டில் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் கட்டளை ஒரு கார்டு வழியாகப் போகும், பதிலுக்கு இன்னொரு கார்டில் காத்திருப்பீர்கள்.

கேமரா பட்டியலில் தெரிகிறது, இணைகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்கள். கண்டுபிடிக்கும் செய்தியும் கட்டளைகளும் தப்பித்து வந்துவிடும். படத்தைச் சுமந்து வரும் யுடிபி பாக்கெட்டுகளை ஃபயர்வால் வாசலிலேயே நிறுத்திவிடும். விண்டோஸ் அந்த இணைப்பைப் பொது நெட்வொர்க் என்று வகைப்படுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். விபிஎன் மென்பொருள்கள் போட்டுவைக்கும் ஃபில்டர்களும் இதே வேலையைச் செய்யும்.

யுஎஸ்பி 3 கேமராவுக்குச் சோதனை சுருக்கம்: ஹப்பை நீக்குங்கள், கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள். சாதாரண கேபிள் 3 மீட்டரைத் தாண்டினால் நம்பிக்கை வைக்க வேண்டாம். கேமரா லிங்க் என்ற இணைப்பு வகை என்றால் ஃப்ரேம் கிராபருக்கு, அதாவது படத்தை வாங்கும் கார்டுக்கு, ஏற்றிய அமைப்புக் கோப்பு இந்தக் கேமராவுடையதுதானா, இரண்டு கேபிள்களும் இடம் மாறிச் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கேமராவுடன் வந்த பார்வைச் செயலியில் படம் வருகிறது, ஆனால் உங்கள் பிடிக்கும் மென்பொருளில் மட்டும் வரவில்லை என்றால் விஷயம் வேறு. ஜென்ஐகேம் என்ற பொதுத் தர முறையில் இயங்கும் மென்பொருள்கள் சிடிஐ என்று முடியும் ஒரு கோப்பு வழியாகத்தான் கேமராவிடம் பேசும். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை விண்டோஸின் சூழல் மாறி ஒன்றில் படித்துக்கொள்ளும். ஒரே கணினியில் நான்கைந்து நிறுவனங்களின் எஸ்டிகேக்கள் (மென்பொருள் உருவாக்கும் தொகுப்புகள்) இருந்தால் அந்த மாறி நீண்டு, குழம்பி, சில சமயம் பாதியில் வெட்டுப்பட்டும் கிடக்கும். 64 பிட் மென்பொருளுக்கு 64 பிட் சிடிஐ வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

“கேமரா பயன்பாட்டில் உள்ளது” என்கிறது

இது அநேகமாக உண்மையைத்தான் சொல்கிறது. கேமராவைக் கட்டுப்படுத்தும் உரிமை ஒரு நேரத்தில் ஒரு செயலிக்குத்தான். மூடிவிட்டதாக நினைத்த ஜன்னல் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது நேற்று எழுதிப் பார்த்த பைதான் நிரல் இன்னும் உயிரோடு இருக்கும். டாஸ்க் மேனேஜரில் பார்த்து நிறுத்துங்கள். மென்பொருள் நடுவில் செத்துவிட்டது என்றால் சில விநாடிகள் காத்திருங்கள். கணினியிடமிருந்து துடிப்புச் செய்தி நின்றபின் கேமரா தானே விடுவித்துக்கொள்ளும். இயல்பாக 3000 மில்லிவிநாடி வைத்திருப்பார்கள். நிரல் எழுதுபவர்கள் டீபக் செய்யும் வசதிக்காக அந்தக் காலத்தை நிமிடக்கணக்கில் நீட்டி வைத்திருந்தால், காத்திருப்பும் அவ்வளவு நேரம். பொறுமை இல்லையென்றால் கேமராவின் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுங்கள்.

இணைகிறது, ஆனால் ஒரே கறுப்பு, அல்லது டைம்அவுட்

முதலில் ஃப்ரேம் எண்ணியைப் பாருங்கள். எண் ஓடிக்கொண்டே இருக்கிறது, படம்தான் கறுப்பு என்றால் வெளிச்சம் சென்சாருக்குப் போகவில்லை. லென்ஸ் மூடியைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் பாருங்கள். டார்க் (வெளிச்சம் இல்லாமல் எடுக்கும் ஒப்பீட்டுப் பதிவு) எடுத்தபோது மூடிய ஷட்டர் திறக்காமலே இருப்பது அதைவிட அடிக்கடி நடக்கும்; டார்க் எடுக்கும் நடுவில் மென்பொருளை நிறுத்தியிருந்தால் ஷட்டர் மூடியபடியே நிற்கும். திறந்து மூடும்போது வரும் சின்ன ‘டக்’ சத்தத்தைக் காது வைத்துக் கேளுங்கள், மென்பொருள் சொல்லும் நிலையை நம்ப வேண்டாம்.

எண் நகரவே இல்லை, டைம்அவுட் மட்டும் வருகிறது என்றால் கேமரா பெரும்பாலும் வெளி ட்ரிகருக்காக, அதாவது படம் எடுக்கச் சொல்லும் வெளிச் சைகைக்காக, காத்துக்கொண்டிருக்கிறது. போன முறை என்கோடரோடு (நகர்வை அளந்து துடிப்பு அனுப்பும் கருவி) வேலை செய்தவர் அமைப்பைக் கேமராவின் நினைவகத்திலேயே சேமித்துவிட்டுப் போயிருப்பார், இன்று நீங்கள் மேசையில் வைத்துச் சும்மா ஓட்டிப் பார்க்கிறீர்கள். ட்ரிகரை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். ஃப்ரேம் வந்தால் கேமரா நலம், மிச்சம் வயரிங்கில் இருக்கிறது.

கோடுகள் விடுபடுகின்றன, படம் நடுநடுவே துள்ளுகிறது

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் இது பல சமயம் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் நடக்கும். கியூப் வரும், திறக்கும், நன்றாகவும் இருக்கும். உள்ளே சில கோடுகள் இருக்காது. ஃப்ரேம் எண்களைச் சேமிக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் எப்போதும் போட்டு வையுங்கள். 4117, 4118, 4121 என்று எண்கள் தாவியிருந்தால் 4119-உம் 4120-உம் போய்விட்டன என்று அர்த்தம், மென்பொருளின் மூலையில் “இழப்பு: 0” என்று பச்சையாக எழுதியிருந்தாலும் சரி. அந்தப் பூஜ்யம் பல மென்பொருள்களில் வட்டுக்கு எழுதும்போது விட்டதை மட்டும்தான் எண்ணும். கேபிளில் காணாமல் போனது அதற்குத் தெரியாது.

முதலில் கணக்கு. 1024 பிக்சல், 224 பட்டை (அலைநீளப் பிரிவு), பிக்சலுக்கு 2 பைட் என்றால் ஒரு ஃப்ரேம் 4,58,752 பைட். விநாடிக்கு 100 ஃப்ரேம் என்றால் சுமார் 46 எம்பி, கிகாபிட் கேபிளில் தாராளமாகப் போகும். அதையே 300 ஃப்ரேமுக்கு ஏற்றினால் சுமார் 138 எம்பி. கிகாபிட்டின் காகிதக் கணக்கே விநாடிக்கு 125 எம்பிதான், நடைமுறையில் இன்னும் குறைவு. எந்த அமைப்பை எப்படித் திருகினாலும் அது போகாது. பிக்சல் வடிவத்தை 12 பிட் பேக்டு என்று மாற்றினால் 2 பைட் ஒன்றரை பைட்டாகும், 138 எம்பி 103-க்கு வந்துவிடும். கேமரா அதை ஆதரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பின்னிங் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். 448 பட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து 224 ஆக்குவது கேமராவுக்குள்ளேயே நடந்தால் கேபிளில் பாதிச் சுமைதான். மென்பொருளில் நடந்தால் முழுச் சுமையும் கேபிளில் வந்துவிட்டுத்தான் குறையும். கோப்பின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கணக்கு சரியாக இருந்தும் விடுபட்டால், தொலைவது கேபிளிலா வட்டிலா என்று பிரிக்க வேண்டும். சேமிப்பதை நிறுத்திவிட்டு, அல்லது நினைவகத்துக்கு மட்டும் எழுதச் சொல்லிவிட்டு அதே வேகத்தில் ஓட்டுங்கள். இழப்பு நின்றுவிட்டால் குற்றவாளி வட்டு. நிற்கவில்லை என்றால் கேபிள் பக்கம்.

கேபிள் பக்கத்தில் முதல் காரியம் ஜம்போ ஃப்ரேம், அதாவது பெரிய நெட்வொர்க் பாக்கெட். எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட்டாக இருந்தால் மேலே சொன்ன ஒரு ஃப்ரேமே 300-க்கும் மேற்பட்ட பாக்கெட்டுகளாக உடையும். 9000 என்றால் 50 சொச்சம். விநாடிக்கு 100 ஃப்ரேம் என்னும்போது 30,000 பாக்கெட்டுகளுக்கும் 5,000 பாக்கெட்டுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிராசசர் நன்றாகவே உணரும். சில கார்டுகளின் டிரைவரில் இது 9014 என்று இருக்கும், அதுவும் அதேதான். நடுவில் ஸ்விட்ச் இருந்தால் அதுவும் ஜம்போவை விட வேண்டும். கார்டில் மட்டும் மாற்றிவிட்டு ஸ்விட்சை மறந்தால் படமே வராமல் போகும். டிரைவரின் மேம்பட்ட பகுதியில் பெறும் பஃபர் எண்ணிக்கையை உச்சத்துக்கு ஏற்றுங்கள். ஒரே கார்டில் விஎன்ஐஆர் (கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அருகு அகச்சிவப்பும்), ஸ்விர் (குறு அலை அகச்சிவப்பு) என்று இரண்டு கேமரா தொங்கினால் பாக்கெட்டுகளுக்கு இடையே தாமதம் கொடுக்கும் அமைப்பைத் தேடுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கொட்டி ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்.

மின்சாரச் சேமிப்பும் இங்கேதான் வருகிறது. மடிக்கணினி பேட்டரியில் ஓடும்போது மட்டும் கோடுகள் விடுபட்டால் வேறெங்கும் போக வேண்டாம், பவர் பிளானை உயர் செயல்திறனுக்கு மாற்றி, யுஎஸ்பி துளைகளைத் தூங்கவைக்கும் அமைப்பையும் கார்டின் ஆற்றல் சேமிப்பையும் அணையுங்கள்.

வட்டுப் பக்கத்தில் ஒரு அடையாளம் தெளிவாகத் தெரியும்: முதல் சில நிமிடம் அருமையாகப் போகும், பிறகு திடீரென்று பஃபர் நிரம்ப ஆரம்பிக்கும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே கோப்பு அளவில். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எஸ்எஸ்டியின் வேகமான கேஷ் பகுதிக்கு மட்டும்தான். அது நிறைந்ததும் மலிவான வட்டுகளின் உண்மையான வேகம் வெளியே வரும். வட்டு முக்கால்வாசி நிரம்பியிருந்தால் இந்தக் கேஷே சுருங்கிவிடும். நீங்கள் பிடிக்கப்போகும் மிகப் பெரிய கியூபின் அளவுக்கு ஒரு கோப்பை எழுதிப் பார்த்து வேகத்தை அளந்தால்தான் உண்மை தெரியும். 1 ஜிபி சோதனை எதையும் சொல்லாது. 4 ஜிபியில் சரியாக வெட்டி நின்றால் அது ஃபேட்32 வட்டு, மறுபேச்சே இல்லை. சேமிக்கும் கோப்புறையை வைரஸ் தடுப்பு மென்பொருள் பார்க்காமல் விலக்கு கொடுங்கள், மேகத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறைக்குள் ஒருபோதும் பிடிக்காதீர்கள்.

இது இரண்டும் இல்லையென்றால் திரையில் ஓடும் முன்னோட்டத்தைச் சுருக்குங்கள். நேரடி வண்ணப் படம், தாவரக் குறியீடு, ஹிஸ்டோகிராம் என்று நான்கு ஜன்னல் திறந்துவைத்தால் எல்லாம் சேர்ந்து பிராசசரைத் தின்னும். பிடிக்கும்போது ஒன்று போதும்.

கேட்ட வேகத்தில் சரியாகப் பாதிதான் கிடைக்கிறது

என்கோடர் விநாடிக்கு 100 துடிப்பு கொடுக்கிறது, கேமரா 50 ஃப்ரேம்தான் தருகிறது. குத்துமதிப்பாகப் பாதி அல்ல, அச்சுப் பிசகாமல் பாதி. இது இழப்பே அல்ல. 100 துடிப்பு என்றால் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவிநாடி. எக்ஸ்போஷரை 9.8 என்று வைத்து, சென்சாரைப் படித்து முடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தால், அடுத்த துடிப்பு வரும்போது கேமரா தயாராக இருக்காது. அந்தத் துடிப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அதற்கடுத்ததைப் பிடிக்கும். எக்ஸ்போஷரைக் குறையுங்கள், வெளிச்சம் போதவில்லை என்றால் விளக்கைக் கூட்டுங்கள் அல்லது மெதுவாக நகர்த்துங்கள். ட்ரிகர் இல்லாமல் ஓடும்போதும் இதே கட்டுப்பாடுதான், ஆனால் அப்போது கேமரா வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே நீங்கள் கேட்ட வேகத்தை அல்ல, கிடைக்கும் வேகம் என்று தனியாகக் காட்டும் எண்ணைப் படியுங்கள்.

வட்டம் முட்டையாக வருகிறது

நகரும் வேகமும் ஃப்ரேம் வேகமும் ஒத்துப்போகவில்லை. கேமரா பார்க்கும் அகலம் 300 மி.மீ., பிக்சல் 1024 என்றால் ஒரு பிக்சல் 0.293 மி.மீ. விநாடிக்கு 100 ஃப்ரேம் என்றால் மேடை விநாடிக்கு 29.3 மி.மீ. நகர வேண்டும். அதைவிட வேகமாக நகர்ந்தால் நகரும் திசையில் படம் நசுங்கும், மெதுவாக நகர்ந்தால் இழுபடும். ஒரு நாணயத்தை வைத்துப் பிடித்து உயரத்தையும் அகலத்தையும் பிக்சலில் எண்ணினால், அந்த விகிதத்தாலேயே வேகத்தைத் திருத்திவிடலாம். லென்ஸ் உயரத்தை மாற்றினால் அகலம் மாறும், எனவே கணக்கையும் மறுபடி போட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பது.

தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் இழுபட்டிருந்தால் மேடை வேகம் பிடிக்கும் முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. பொருளுக்கு முன்னால் ஓட்டத்துக்கு இடம் விடுங்கள்.

வரிவரியாக விழுகிறது

வரி எந்தத் திசையில் விழுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நகரும் திசையிலேயே, கியூபின் முழு நீளத்துக்கும் ஓடும் வரி என்றால் அது கேமராவுக்குள்ளே நிலையாக இருக்கும் ஒன்று. எல்லாப் பட்டைகளிலும் அதே பத்தியில் இருக்கிறதா? ஸ்லிட்டில் தூசு. ஃப்ரேம் காட்சியில் அலைநீள அச்சு முழுக்க ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். ஒரே ஒரு பட்டையில் மட்டும் இருக்கிறதா? கெட்ட பிக்சல், அதன் பட்டியல் கோப்பு ஏறவில்லை, அல்லது ஏறியிருந்தும் பழையது. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் சிலவற்றில், சில பத்திகளில் மட்டும் மங்கலாக இருக்கிறதா? சென்சார் மேல் தூசு. தூசு வெளிச்சத்தை விகிதத்தில் குறைப்பதால் வொயிட் ரெஃபரன்ஸால் (வெள்ளைப் பேனலைப் பிடித்த பதிவு) வகுக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். மறையவில்லை என்றால் வொயிட் எடுத்தபின் தூசு நகர்ந்திருக்கிறது. மறுபடி வொயிட் எடுங்கள். ஸ்லிட்டைத் துடைக்கக் கேமராவைத் திறக்கும் ஆசை வரும், வேண்டாம். ஒளியமைப்பு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அலைநீள அளவீடு போய்விடும்.

நகரும் திசைக்குக் குறுக்கே, வெளிச்சமும் இருட்டுமாக மாறிமாறி வரும் பட்டைகள் என்றால் விளக்கு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. விநாடிக்கு 90 ஃப்ரேம் பிடித்தால் 100-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசம் 10, ஆக ஒவ்வொரு 9 கோட்டுக்கும் ஒரு முறை பட்டை வரும். உங்கள் படத்தில் எண்ணிப் பாருங்கள், கணக்கு ஒத்துவந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். சரியாக 100 ஃப்ரேம் வைத்துப் பட்டையை மறைக்கும் தந்திரம் ஒன்று உண்டு, எனக்குப் பிடிக்காத தந்திரம். மின்சாரத்தின் அதிர்வெண் துல்லியமாக 50-இல் நிற்பதில்லை என்பதால் பட்டை போய், மெதுவாக ஏறி இறங்கும் வெளிச்சம் வரும், அது கண்ணுக்கும் தெரியாது. எக்ஸ்போஷரை 10 மில்லிவிநாடியின் மடங்காக வைப்பது அதைவிட மேல். சரியான தீர்வு, நிலைப்படுத்திய டிசி மின்சாரத்தில் ஓடும் ஹாலஜன். அறையின் எல்இடி விளக்குகளையும் அணையுங்கள், அவையும் துடிக்கும்.

பிரதிபலிப்பு 1-ஐத் தாண்டுகிறது, எதிர்மறையாகிறது, ஓரங்களில் குதிக்கிறது

கணக்கு எளிது: மாதிரியிலிருந்து டார்க்கைக் கழித்து, வொயிட்டிலிருந்து டார்க்கைக் கழித்ததால் வகுக்க வேண்டும். மூன்றில் ஏதோ ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை என்பதால்தான் எண்கள் கெடுகின்றன.

வொயிட் நிரம்பியிருக்கிறதா என்பது முதல் சந்தேகம். 12 பிட் சென்சாரின் உச்சம் 4095. ஆனால் கோப்பு 16 பிட் என்பதால், சில மென்பொருள்களின் நிரம்பல் எச்சரிக்கை 65535-ஐத் தொட்டால்தான் கத்தும், அதாவது கத்தவே கத்தாது. வொயிட் ஸ்பெக்ட்ரத்தின் உச்சி வளைவாக இல்லாமல் மேசை மாதிரி தட்டையாக இருந்தால் நிரம்பிவிட்டது. உச்சத்தில் 80–85 சதவீதத்துக்குள் வருமாறு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். எண்கள் எல்லாம் 16-இன் மடங்குகளாக, உச்சம் 65520 ஆக இருந்தால் 12 பிட்டை இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அது பிழையல்ல, ஆனால் டார்க்கும் மாதிரியும் ஒரே வகையில் இருக்க வேண்டும்.

எதிர்மறை எண்கள் வந்தால் டார்க் பழையது. எக்ஸ்போஷர், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), பின்னிங் இவற்றில் எதைத் தொட்டாலும் டார்க்கையும் வொயிட்டையும் மறுபடி எடுக்க வேண்டும், சென்சார் வெப்பம் மாறினாலும் அப்படியே. 1-ஐத் தாண்டினால் வொயிட் பேனல் மாதிரியை விடத் தாழ்வாக இருந்திருக்கும், சாய்ந்திருக்கும், அல்லது விரல் பட்டு அழுக்காகியிருக்கும். பளபளப்பான பொருளின் மினுமினுப்பும் தாண்டும், அது உண்மையான வெளிச்சம்.

தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி கெயின், காமா (வெளிச்ச அளவை வளைத்துக் காட்டும் திருத்தம்) மூன்றும் அணைந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். சந்தேகம் தீர ஒரு சின்னச் சோதனை: எக்ஸ்போஷரைப் பாதியாக்குங்கள், டார்க்கைக் கழித்த மதிப்பும் பாதியாக வேண்டும். ஆகவில்லை என்றால் எங்கோ காமாவோ, வளைவு அட்டவணையோ உட்கார்ந்திருக்கிறது.

400–450 நானோமீட்டரிலும் 950-க்கு மேலும் மட்டும் ஸ்பெக்ட்ரம் குதிக்கிறது என்றால் பெரும்பாலும் கோளாறே இல்லை. ஹாலஜனில் நீலம் குறைவு, சிலிக்கான் சென்சாருக்கு 900-க்கு மேல் பார்வை மங்கும், சின்ன எண்ணைச் சின்ன எண்ணால் வகுக்கிறோம். பல ஃப்ரேம்களைச் சராசரி எடுத்த டார்க்கும் வொயிட்டும் கொஞ்சம் உதவும். அதற்குமேல் அந்தப் பட்டைகளை விட்டுவிடுவதே நேர்மை.

ஸ்பெக்ட்ரம் நகர்ந்திருக்கிறது

அலைநீள அட்டவணை சரியா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு பழைய ஃப்ளோரசன்ட் விளக்கைக் காட்டுங்கள். உள்ளே இருக்கும் பாதரசம் 435.8-இலும் 546.1-இலும் கூர்மையான கோடுகள் போடும். வெளியில் என்றால் வெயிலில் வொயிட் பேனலைப் பிடியுங்கள், 760 நானோமீட்டரில் ஆக்சிஜன் ஒரு பள்ளம் போட்டிருக்கும். மென்பொருள் அதை 772 என்று காட்டினால் வேறு கேமராவின் அட்டவணை ஏறியிருக்கிறது; அளவீட்டுக் கோப்பின் வரிசை எண்ணைக் கேமராவின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பின்னிங்கை மாற்றிவிட்டு அட்டவணையை மாற்றாவிட்டாலும் இதே கதைதான், 448 வரிகள் உள்ள அட்டவணையின் முதல் 224-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, 1000 நானோமீட்டரை 700 என்று எழுதிவைக்கும்.

கணினியின் வட்டார அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி இருந்தால், 435.8 என்பதைச் சில மென்பொருள்கள் 4358 என்று படிக்கும், அல்லது படிக்கவே மறுக்கும். ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் ஓடாத அளவீட்டுக் கோப்புக்கு இதுதான் முதல் காரணம். கோப்புறைப் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் திணறும் பழைய மென்பொருள்களும் உண்டு. பிடிக்கும் கணினியில் மட்டும் வெறும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள்.

கோப்பு திறக்கவில்லை, திறந்தால் கசகசவென்று இருக்கிறது

என்வி (ENVI) என்ற கோப்பு வடிவத்தில் தரவு ஒரு கோப்பு, அதை விளக்கும் ஹெடர் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து பாருங்கள். பிக்சல், கோடு, பட்டை எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதைப் பிக்சலுக்கான பைட்டால் பெருக்கினால் தரவுக் கோப்பின் அளவு வர வேண்டும். 1024 × 2000 × 224 × 2 என்றால் 91,75,04,000 பைட். வரவில்லை என்றால் ஹெடர் பொய் சொல்கிறது.

பிடிக்கும் நடுவில் மென்பொருள் செத்திருந்தால் ஹெடரில் கோடு எண்ணிக்கை 0 என்று இருக்கும், அல்லது ஹெடரே இருக்காது. தரவு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கோப்பு 41,28,76,800 பைட் என்றால் அதை ஒரு ஃப்ரேமின் 4,58,752-ஆல் வகுங்கள், 900 வரும். அதே அமைப்பில் எடுத்த வேறொரு கியூபின் ஹெடரை நகலெடுத்து, கோட்டு எண்ணிக்கையை 900 என்று மாற்றினால் திறந்துவிடும். மீதி வந்தால் கடைசி ஃப்ரேம் பாதி எழுதப்பட்டிருக்கிறது, அதை விட்டுவிட்டு முழு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு சரி, படம்தான் கசகசப்பு என்றால் அடுக்கு முறையை மாற்றிப் பாருங்கள். புஷ்புரூம் கேமரா கோடு கோடாகத் தருவதால் நேராக எழுதும் மென்பொருள் இயல்பாக பிஐஎல் முறையில்தான் எழுதும். ஹெடரில் பிஎஸ்க்யூ (பட்டை பட்டையாக) என்று இருந்தால் படம் துண்டுதுண்டாக மீண்டும் மீண்டும் வரும். உருவம் தெரிகிறது, ஆனால் தாறுமாறான புள்ளிகளாக இருக்கிறது என்றால் பைட் வரிசை தவறு. சாதாரணக் கணினிகளில் அது 0. டேட்டா டைப் 12 என்றால் குறியில்லாத 16 பிட் முழு எண், 2 என்றால் குறியுள்ளது, 4 என்றால் 32 பிட் மிதவை. 12 இருக்க வேண்டிய இடத்தில் 2 இருந்தால் 32,767-ஐத் தாண்டும் பிரகாசமான இடங்கள் எல்லாம் எதிர்மறையாகி இருட்டாகிவிடும்.

பறந்து பிடித்தது நிலப்படத்தில் உட்காரவில்லை

ட்ரோனிலோ விமானத்திலோ பிடித்த கோடுகள் வேறு எங்கோ போய் விழுந்தால், கேமரா நேரத்தையும் ஜிபிஎஸ் நேரத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் சரியாக 18 விநாடி என்றால் ஒரு பக்கம் ஜிபிஎஸ் நேரத்திலும் மறுபக்கம் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்திலும் எழுதியிருக்கிறது. 2017 முதல் இரண்டுக்கும் இடையே அவ்வளவு இடைவெளி இருக்கிறது. யுடிசியோடு அதைக் கூட்டினால் முடிந்தது. வித்தியாசம் போகப்போகக் கூடிக்கொண்டே போனால் கேமராவின் கடிகாரம் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறை தரும் பிபிஎஸ் துடிப்போடு பூட்டப்படவில்லை, அல்லது கோடுகள் விடுபட்டிருக்கின்றன. அப்போது மறுபடி ஃப்ரேம் எண்களுக்குத்தான் போக வேண்டும்.

உதவி கேட்டு எழுதும்போது

திரையைப் படம் பிடித்து “வேலை செய்யவில்லை” என்று அனுப்பினால் பதில் கேள்வியாகத்தான் வரும். மென்பொருள், ஃபர்ம்வேர், டிரைவர் பதிப்பு எண்கள், கேமரா வரிசை எண், எக்ஸ்போஷர், ஃப்ரேம் வேகம், பின்னிங், லாக் கோப்பு, கெட்டுப்போன கியூபிலிருந்து ஒரு நூறு கோடு, அதே அமர்வில் எடுத்த டார்க்கும் வொயிட்டும், ஹெடர். இத்தனையும் முதல் கடிதத்திலேயே போகட்டும். திருத்தியதை அல்ல, கச்சாத் தரவை அனுப்புங்கள்.